1776-1976 குவார்ட்டர் கையில் இருக்கிறதா? விலை பேசும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் கடையில் வாங்கும் சில்லறையோடு எப்போதாவது ஒரு வித்தியாசமான 25 சென்ட் நாணயம், அதாவது குவார்ட்டர், வரும். ஒரு பக்கம் வழக்கம்போல ஜார்ஜ் வாஷிங்டன். ஆனால் அவர் தலைக்குக் கீழே ஓர் ஆண்டுக்குப் பதிலாக 1776-1976 என்று இரண்டு ஆண்டுகள். திருப்பினால் கழுகு இல்லை. மூன்று முனைத் தொப்பி போட்ட ஒருவர் முரசு அடித்துக்கொண்டிருப்பார். அவருக்குப் பக்கத்தில் ஒரு தீப்பந்தம், அதைச் சுற்றி 13 நட்சத்திரங்கள். அமெரிக்க விடுதலையின் 200-ஆவது ஆண்டு நினைவாக வந்த குவார்ட்டர் இது.

இணையத்தில் தேடினால் இதே நாணயத்துக்கு ஆயிரம் டாலர், லட்சம் டாலர் என்று காணொளிகள் குவிந்து கிடக்கின்றன. அவற்றைப் பார்த்துவிட்டு உறவினர்களிடம் "என்கிட்ட ஒண்ணு இருக்கு, எவ்வளவு போகும்?" என்று கேட்பவர்கள் ஏராளம். நேரடியாகச் சொல்லிவிடுகிறேன்: புழக்கத்தில் கிடைக்கும் இந்தக் குவார்ட்டர்களில் ஏறக்குறைய எல்லாமே 25 சென்ட்தான். விலக்குகள் சில உண்டு. அவை எவை என்று தெரியாததால் பணத்தை இழப்பவர்களும், நல்ல நாணயத்தைத் தேய்த்துக் கெடுப்பவர்களும் அதைவிட அதிகம்.

ஆண்டைத் தவறாகப் படிப்பது

முதல் தவறு, இதை 1776-இல் அடித்த நாணயம் என்று நினைப்பது. ஊருக்கு வரும் அமெரிக்க உறவினர் கொடுத்த நாணயத்தை "இருநூற்றைம்பது வருஷப் பழசு" என்று பெட்டியில் பூட்டி வைத்திருக்கும் வீடுகள் தமிழ்நாட்டிலும் உண்டு. அமெரிக்க அரசின் நாணயச்சாலையே 1792-இல்தான் தொடங்கப்பட்டது. முதல் குவார்ட்டர் வந்தது 1796-இல். 1776 என்பது சுதந்திரப் பிரகடனத்தின் ஆண்டு, அவ்வளவே. இந்த நாணயங்கள் 1975, 1976 ஆகிய இரண்டு ஆண்டுகளில் அடிக்கப்பட்டவை.

இதன் பின்கதை சுவையானது. 1973 அக்டோபரில் வந்த ஒரு சட்டம் குவார்ட்டர், அரை டாலர், டாலர் மூன்றுக்கும் புதிய பின்பக்கம் வேண்டும் என்றது. அதற்குப் பொதுமக்களிடையே போட்டி வைத்தார்கள். வென்றவர்களுக்கு 5,000 டாலர் பரிசு. குவார்ட்டருக்கு ஜாக் ஆர் என்பவரின் முரசு தேர்வானது. தலைப்பக்கத்தில் ஜான் ஃப்ளானகன் வடித்து 1932 முதல் இருந்து வந்த வாஷிங்டன் உருவமே தொடர்ந்தது, ஆண்டு மட்டும் மாறியது.

இதோடு ஒட்டிய இன்னொரு குழப்பம்: 1975 என்று ஆண்டு போட்ட குவார்ட்டர் கிடையாது. புதிய நாணயங்கள் தயாராகும்வரை 1974 என்ற ஆண்டோடே தொடர்ந்து அடித்தார்கள், பிறகு நேராக இரட்டை ஆண்டுக்கு வந்துவிட்டார்கள். ஆகவே 1975 என்று போட்ட குவார்ட்டரை யாராவது "மிக அரிது" என்று நீட்டினால் கையை எடுத்துவிடுங்கள்.

எல்லோரும் சேர்த்துவைத்தது அரிதாகாது

இரண்டாவது தவறுதான் மற்ற பலவற்றுக்கும் வேர். ஒரு முறை மட்டும் வந்த நாணயம், ஆகவே அரிது என்று நினைப்பது. எண்ணிக்கையைப் பாருங்கள். ஃபிலடெல்ஃபியா நாணயச்சாலையில் அடித்தவை ஏறக்குறைய 81 கோடி. டென்வரில் 86 கோடி. இரண்டும் சேர்ந்து 167 கோடி. அன்றைய அமெரிக்க மக்கள்தொகை சுமார் 22 கோடி. பச்சைக் குழந்தைக்கும் சேர்த்துத் தலைக்கு ஏழு நாணயம் வருகிறது.

அதைவிட முக்கியம், மக்கள் இதை என்ன செய்தார்கள் என்பது. பழைய நாணயங்களில் சில இன்று விலை போவதற்குக் காரணம், வந்த காலத்தில் யாரும் அவற்றைப் பொருட்படுத்தவில்லை என்பதே. கைமாறிக் கைமாறித் தேய்ந்துபோயின, உருக்கப்பட்டன, தொலைந்தன. இந்த நாணயத்தின் கதை நேர்மாறு. 1975-இல் கைக்கு வந்த நாளிலிருந்தே இது நினைவுப் பொருள் என்று எல்லோருக்கும் தெரியும். வங்கியிலிருந்து 40 நாணயம் கொண்ட சுருளாக வாங்கி அலமாரியில் போட்டவர்கள் எத்தனையோ பேர். பேரக்குழந்தைக்கு என்று டப்பாவில் எடுத்து வைத்தவர்கள் அதைவிட அதிகம். ஐம்பது ஆண்டு கழிந்து அந்த டப்பாக்கள் திறக்கப்படும்போது, கை படாத பளபளப்போடு நாணயங்கள் கொட்டுகின்றன. பளபளப்பாக இருப்பதே அரிது என்று இந்த நாணயத்தில் சொல்ல முடியாததற்குக் காரணம் இதுதான்.

மின்ட் மார்க் இல்லை என்று துள்ளுவது

எந்த நாணயச்சாலை அடித்தது என்று காட்டும் எழுத்துதான் மின்ட் மார்க். வாஷிங்டனின் பின்கழுத்தில் முடியைக் கட்டிய ரிப்பனுக்கு வலப்பக்கம் பாருங்கள். "டி" என்ற ஆங்கில எழுத்து இருந்தால் டென்வர். "எஸ்" இருந்தால் சான் ஃபிரான்சிஸ்கோ. எழுத்தே இல்லாவிட்டால் ஃபிலடெல்ஃபியா. "எழுத்து விடுபட்ட பிழை நாணயம்" என்று விற்கப்படுபவை பெரும்பாலும் இந்த ஃபிலடெல்ஃபியா நாணயங்களே. அந்த நாணயச்சாலையின் "பி" எழுத்து குவார்ட்டரில் வரத் தொடங்கியது 1980-இல்தான். அதற்கு முன் எழுத்து இல்லாமல் இருப்பதுதான் இயல்பு. எழுத்து இல்லாத 81 கோடி நாணயத்தில் ஒன்றை ஐம்பது டாலர் கொடுத்து வாங்க வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை.

வெள்ளி விஷயம்: இங்கேதான் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள்

1964 வரை ஆண்டு போட்ட குவார்ட்டர்களில் 90 சதவீதம் வெள்ளி. எடை 6.25 கிராம். 1965-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு வெள்ளி போய்விட்டது. நடுவில் சுத்தச் செம்பு, இரண்டு பக்கமும் செம்பு-நிக்கல் கலவைத் தகடு என்று மூன்று அடுக்காக மாறியது. எடை 5.67 கிராம். ஃபிலடெல்ஃபியா, டென்வர் இரட்டை ஆண்டு குவார்ட்டர்கள் இந்த வகை. வெள்ளி துளியும் கிடையாது.

ஆனால் வெள்ளி கலந்த இரட்டை ஆண்டு குவார்ட்டர் உண்மையிலேயே உண்டு, குழப்பமும் அதனால்தான். சேகரிப்பாளர்களுக்கென்று சான் ஃபிரான்சிஸ்கோவில் 40 சதவீத வெள்ளியோடு தனியாக அடித்தார்கள். குவார்ட்டர், அரை டாலர், டாலர் மூன்றும் ஒரே தொகுப்பில் விற்கப்பட்டன. அவை எல்லாவற்றிலும் "எஸ்" எழுத்து இருக்கும். எடை 5.75 கிராம்.

இங்கே இரண்டு தவறுகள் ஒன்றையொன்று தொடர்ந்து வருகின்றன. "எஸ்" பார்த்தவுடன் வெள்ளி என்று முடிவு கட்டுவது ஒன்று. அதே சான் ஃபிரான்சிஸ்கோவில் வெள்ளி இல்லாத ப்ரூஃப் நாணயங்களும் (சேகரிப்பாளர்களுக்கென்று தனி மெருகோடு அடிப்பவை) சுமார் 70 லட்சம் அடித்திருக்கிறார்கள். 1975, 1976 ஆண்டுகளின் ப்ரூஃப் தொகுப்புகளில் இருந்தவை அவை. முகம் பார்க்கும் கண்ணாடிபோல் தளம் மின்னும், அழகாக இருக்கும், ஆனால் உள்ளே செம்புதான். தொகுப்பை உடைத்து யாரோ செலவழித்துவிட்டால் அது சில்லறையிலும் வரும்.

அடுத்தது, தராசை மட்டும் நம்புவது. 5.67-க்கும் 5.75-க்கும் வித்தியாசம் 0.08 கிராம். சாதாரணக் குவார்ட்டரின் எடை 0.227 கிராம் வரை கூடவோ குறையவோ இருக்கலாம் என்று நாணயச்சாலையே அனுமதிக்கிறது. அதாவது வெள்ளி இல்லாத நாணயம் ஒன்று 5.75 கிராம் காட்டினால் அதில் அதிசயம் எதுவும் இல்லை. சமையலறைத் தராசு என்றால் பேச்சே வேண்டாம். அது பத்தில் ஒரு பங்கு கிராமைக்கூடச் சரியாகக் காட்டாது.

விளிம்பைப் பாருங்கள். நாணயத்தை மேசையில் நிமிர்த்தி நல்ல வெளிச்சத்தில் வைத்தால், சாதாரணக் குவார்ட்டரின் விளிம்பில் செம்பு நிறக் கோடு தெளிவாக ஓடும். 40 சதவீத வெள்ளி நாணயத்தில் அந்தச் செம்புக் கோடு பளிச்சென்று தெரியாது. சாம்பல் கலந்த வெண்மை இருக்கும். இன்னொரு நல்ல வழியும் உண்டு. சான் ஃபிரான்சிஸ்கோவின் வெள்ளி இல்லாத நாணயங்கள் ப்ரூஃபாக மட்டுமே வந்தன. ஆகவே "எஸ்" எழுத்து இருந்து, ப்ரூஃபின் கண்ணாடித் தளம் இல்லாமல் சாதாரண மினுமினுப்போடு இருந்தால், அது வெள்ளி நாணயம் என்று நம்ப நல்ல காரணம் இருக்கிறது. தேய்ந்த ப்ரூஃபும் மங்கித் தெரியும் என்பதால் விளிம்பையும் சேர்த்தே பாருங்கள். காந்தம் இங்கே உதவாது. வெள்ளி நாணயமும் ஒட்டாது, சாதாரணமும் ஒட்டாது. ஒட்டினால் அது போலி என்று மட்டும் தெரிந்துகொள்ளலாம்.

சரி, வெள்ளி என்றே உறுதியானால்? அதில் இருக்கும் வெள்ளி 2.3 கிராம். விற்கும் நாளின் வெள்ளி விலையால் பெருக்கிக்கொள்ளுங்கள். நல்ல விஷயம்தான், எடுத்து வைக்க வேண்டியதுதான், ஆனால் வீடு வாங்கும் தொகை அல்ல.

ஒரு சிறு இடைக்குறிப்பு: இதே வரிசையின் ஒரு டாலர் நாணயத்தில், நிலவுக்கு மேல் மணி இருக்குமே, அதில் எழுத்துகள் தடித்த வகை, மெலிந்த வகை என்று இரண்டு உண்டு. சேகரிப்பாளர்கள் அதைப் பிரித்துப் பார்க்கிறார்கள். சிலர் அந்தப் பேச்சைக் கேட்டுவிட்டுக் குவார்ட்டரிலும் "முதல் வகை" என்று விலை சொல்கிறார்கள். அந்தப் பிரிவு டாலருக்கானது.

அடிபட்டதைப் பிழை என்று நினைப்பது

பிழை நாணயம் என்றால் நாணயச்சாலைக்குள்ளேயே, அடிக்கும்போது தவறிப்போனது. வெளியே வந்த பிறகு சாலையில் நசுங்கியது, துளை போட்டது, அமிலத்தில் கரைந்தது, துணி உலர்த்தியில் மாதக்கணக்கில் உருண்டு விளிம்பு மடங்கியது எல்லாம் சேதம். சேதத்துக்கு விலை கிடையாது. நாணயத்தின் முகத்தில் வட்டமாக ஒரு கீறல் இருந்தால் அது நாணயச் சுருள் கட்டும் இயந்திரம் போட்டது. இதை "வட்டப் பிழை" என்று விற்பவர்களைப் பார்த்து எரிச்சல்தான் வருகிறது.

உண்மையான பிழைகளில் அதிகம் பேசப்படுவது இரட்டை அச்சு. 1776-1976 டென்வர் குவார்ட்டரில் தலைப்பக்கத்து லிபர்ட்டி என்ற சொல் தெளிவாக இரட்டித்துத் தெரியும் ஒரு வகை உண்டு. சேகரிப்பாளர்கள் அதற்கு நல்ல விலை தருகிறார்கள், தேய்ந்ததற்கும்கூட. இது எப்படி வந்தது என்று தெரிந்தால் போலியைப் பிரிப்பது எளிது. நாணயத்தை அடிக்கும் அச்சை உருவாக்கும்போது தாய் அச்சால் அதை ஒரு முறைக்கு மேல் அழுத்துவார்கள். இரண்டாவது முறை சற்று விலகிவிட்டால் அச்சிலேயே எழுத்து இரட்டித்துவிடும். பிறகு அந்த அச்சில் அடித்த எல்லா நாணயத்திலும் அதே இடத்தில் அதே இரட்டிப்பு வரும். இரண்டு எழுத்துகளும் புடைத்து, உருண்டையாக, மூலைகளில் பிளவோடு தெரியும்.

நூற்றுக்குத் தொண்ணூறு பேர் காட்டும் "இரட்டிப்பு" இது இல்லை. அச்சு இயந்திரத்தில் சற்றுத் தளர்ந்து, அடித்த கணத்தில் அசைந்து, எழுத்தின் ஓரத்தைத் தட்டிவிடும். அப்போது எழுத்துக்குப் பக்கத்தில் தட்டையான, படிக்கட்டுபோன்ற ஒரு விளிம்பு தெரியும். எழுத்தும் சற்று மெலிந்துபோயிருக்கும். இது மிகச் சாதாரணம், விலை இல்லை. பத்து மடங்கு பெருக்கும் லூப் (சிறிய உருப்பெருக்கிக் கண்ணாடி) ஒன்று வாங்கிக்கொண்டு, அங்கீகரிக்கப்பட்ட நாணயத்தின் படத்தையும் உங்களுடையதையும் எழுத்து எழுத்தாக ஒப்பிட்டால் வித்தியாசம் கண்ணில் பட்டுவிடும். கைபேசிக் கேமராவை மட்டும் நம்பாதீர்கள். வெளிச்சம் ஒரு பக்கமாக விழுந்தால் அதில் எல்லா எழுத்தும் இரட்டித்துத்தான் தெரியும்.

இன்னொன்று, மேல் தகடு விடுபட்ட நாணயம். ஒரு பக்கம் வழக்கமான வெண்மை, மறுபக்கம் முழுக்கச் செம்பு நிறம். உண்மையானது விலை உள்ளது. ஆனால் மண்ணில் கிடந்து கறுத்த நாணயமும், யாரோ முலாம் பூசியதும் ஏறக்குறைய இப்படியே இருக்கும். இங்கே தராசு உண்மையில் கைகொடுக்கும். ஒரு பக்கத் தகடு இல்லாவிட்டால் எடையில் ஆறில் ஒரு பங்கு குறைந்து சுமார் 4.7 கிராம்தான் இருக்க வேண்டும். 5.6 கிராம் காட்டினால் அது வெறும் நிறமாற்றம். பொன்முலாம் பூசிய குவார்ட்டர்களும் சுற்றுகின்றன. அவை தனியார் வேலை. நாணயச்சாலைக்கும் அவற்றுக்கும் சம்பந்தம் இல்லை. முலாம் பூசியதால் சேகரிப்பாளருக்கு அது கெட்டுப்போன நாணயம்.

தேய்த்துச் சுத்தம் செய்வது

நம் வீடுகளில் செம்பு, பித்தளை என்றால் கை தானாகப் புளியைத் தேடும். எலுமிச்சை, விபூதி, பாத்திரம் துலக்கும் பொடி என்று வரிசையாக வரும். விளக்குக்கு அது சரி. நாணயத்துக்கு வேண்டவே வேண்டாம். புதிதாக அடித்த நாணயத்தின் மினுமினுப்பு மேலே பூசியது இல்லை; அடிக்கும்போது உலோகம் ஓடியதால் உண்டான நுண்ணிய கோடுகளில் வெளிச்சம் பட்டுச் சுழல்வதால் தெரிவது. ஒரு முறை தேய்த்தால் அந்தக் கோடுகள் போய்விடும், மீட்க வழியே இல்லை. கண்ணுக்குப் பளபளக்கும், ஆனால் அனுபவப்பட்டவர் லூப் வைத்த உடனே மெல்லிய கீறல்களைப் பார்த்துவிடுவார். தரம் பிரிக்கும் நிறுவனங்கள் அதைச் "சுத்தம் செய்யப்பட்டது" என்று குறித்து, தர எண் தராமல் அனுப்பிவிடும். எனக்கு மிகவும் வருத்தம் தருவது இந்தத் தவறுதான். மற்றவற்றில் போவது ஆசையும் கொஞ்சம் பணமும். இதில் ஐம்பது ஆண்டு பத்திரமாக இருந்த ஒரு பொருளே போய்விடுகிறது.

வைக்கும் முறையிலும் கவனம் வேண்டும். மெத்தென்ற, வாசனை வரும் பிளாஸ்டிக் உறைகளில் பி.வி.சி. இருக்கும். நாளாவட்டத்தில் அதிலிருந்து வரும் அமிலம் நாணயத்தில் பச்சைப் பிசுக்கு ஏற்றிவிடும். மைலர் என்ற தெளிவான பிளாஸ்டிக் தாளில் சாளரம் வைத்த அட்டை உறை, அல்லது கடினமான பிளாஸ்டிக் சிமிழ் போதும். ஈரம் கூடாது. எடுக்கும்போது விளிம்பை மட்டும் பிடியுங்கள். விரல் ரேகை உலோகத்தில் பதிந்தால் அப்படியே நின்றுவிடும்.

கேட்கும் விலையை விற்ற விலை என்று படிப்பது

இணையச் சந்தையில் ஒருவர் இந்தக் குவார்ட்டருக்கு 20,000 டாலர் என்று போட்டிருக்கலாம். போடுவதற்கு யாரும் தடை சொல்வதில்லை. ஆனால் யாராவது வாங்கினார்களா? இபே போன்ற தளங்களில் விற்று முடிந்தவற்றை மட்டும் பிரித்துப் பார்க்கும் வசதி உண்டு. அதைத் தட்டிவிட்டால் ஆயிரங்கள் மறைந்து, சில சென்ட்டும் சில டாலரும் வரிசையாக வரும்.

உயர்ந்த விலைக்கு உண்மையிலேயே விற்றவையும் உண்டு, அவை பெரும்பாலும் தரத்தால் விற்றவை. நாணயத்தின் நிலையை 1 முதல் 70 வரை எண்ணால் குறிக்கும் ஷெல்டன் அளவுகோலில், புழங்காத நாணயங்கள் எம்.எஸ். 60-இலிருந்து தொடங்கும். எம்.எஸ். 65 வரை இந்தக் குவார்ட்டர் தாராளமாகக் கிடைக்கும். 67-க்கு மேல் போனால் எண்ணிக்கை சட்டென்று குறைகிறது. 68 பெற்றவை ஆயிரக்கணக்கான டாலருக்குப் போயிருக்கின்றன. காரணம், அடித்த நாணயங்களைப் பெரிய பைகளில் கொட்டுவார்கள். ஒன்றின் மேல் ஒன்று விழுந்து, வாஷிங்டனின் கன்னத்திலும் முரசின் மேலும் சிறு வெட்டுகள் விழுந்துவிடும். அந்த அடியெல்லாம் படாமல் தப்பியது அபூர்வம். வெறும் கண்ணால் 66-ஐயும் 68-ஐயும் பிரிக்கப் பல ஆண்டுப் பழக்கம் வேண்டும். சட்டைப் பையிலிருந்து எடுத்த நாணயத்துக்கு இந்தப் பேச்சே பொருந்தாது.

அதனால்தான் கண்டதையெல்லாம் பி.சி.ஜி.எஸ்., என்.ஜி.சி. போன்ற நிறுவனங்களுக்குத் தரம் பிரிக்க அனுப்புவதும் ஒரு தவறு. கட்டணம், இரு வழித் தபால், காப்பீடு எல்லாம் சேர்ந்தால் பல பத்து டாலர் ஆகிவிடும். அவர்கள் மூடித் தரும் பிளாஸ்டிக் பெட்டிக்குள் 65 என்று போட்டு வரும் நாணயம் அந்தச் செலவைத் திருப்பித் தராது. வாங்குபவர் என்றால் இன்னொரு எச்சரிக்கை: பெட்டியும் போலியாக வரலாம். மேலே அச்சிட்ட எண்ணை அந்த நிறுவனத்தின் தளத்தில் போட்டுப் பாருங்கள், படமும் பொருந்த வேண்டும். விற்பவரே அச்சடித்துத் தரும் "உண்மைச் சான்றிதழ்" எந்தத் தரத்தையும் நிரூபிக்காது.

இந்த நாணயம் உண்மையிலேயே பிடித்திருந்தால், தனித்தனியாகத் தேடி அலைய வேண்டாம். 1975 அல்லது 1976 ஆண்டின் நாணயச்சாலைத் தொகுப்பு ஒன்று வாங்குங்கள். ஃபிலடெல்ஃபியா, டென்வர் இரண்டிலும் அடித்த புழங்காத குவார்ட்டர்கள் அதில் இருக்கும், கூடவே அரை டாலரும் நிலவு மணி டாலரும் வரும். இன்றும் மலிவாகவே கிடைக்கிறது. வெள்ளியும் வேண்டும் என்றால் சான் ஃபிரான்சிஸ்கோவின் மூன்று நாணயத் தொகுப்பை உறை பிரியாமல் வாங்கலாம். அப்புறம் ஒரு லூப், ஒரு நகைத் தராசு. அதற்கு மேல் கைக்கு வரும் ஒவ்வொரு முரசு நாணயத்திலும் டென்வரின் "டி" இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் லிபர்ட்டியை ஒரு நிமிடம் உற்றுப் பாருங்கள். இரட்டிப்பு இல்லையென்றால் தாராளமாகச் செலவழிக்கலாம்.